கடன் வாங்கிய வௌவால்: ‘டி ஃப்ளேடர்மவுஸ்’ ஓப்பரெட்டா எங்கிருந்து வந்தது?

ஆண்டின் கடைசி இரவில் வியன்னா அரசு ஓப்பராவில் என்ன நிகழ்ச்சி என்று யாரும் அட்டவணை பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. டிசம்பர் 31 என்றால் ‘டி ஃப்ளேடர்மவுஸ்’. ஜெர்மன் மொழியில் அதற்கு ‘வௌவால்’ என்று பொருள். இசையமைத்தவர் யோஹான் ஸ்ட்ராஸ். அவர் பிறந்து 200 ஆண்டு ஆனதை வியன்னா 2025 முழுக்கக் கொண்டாடியதால் இந்தப் பெயர் செய்திகளில் அடிக்கடி வந்தது.

புதிதாகக் கேள்விப்படுபவர்களுக்கு இங்கே சில குழப்பங்கள் வருகின்றன. இது ஓப்பராவா, வேறு ஏதாவதா? வௌவாலே வராத நாடகத்துக்கு ஏன் அந்தப் பெயர்? ஓரிடத்தில் ‘மூலக்கதை பிரெஞ்சு’ என்று போட்டிருக்கிறது, இன்னோரிடத்தில் ‘மூலக்கதை ஜெர்மன்’ என்று இருக்கிறது. எது சரி?

இரண்டும் சரிதான். வியன்னாவின் சொந்தச் சொத்தாகப் பேசப்படும் இந்த நாடகத்தின் கதை இரண்டு முறை கைமாறி அந்த ஊருக்கு வந்தது. வியன்னா அதில் சேர்த்தது என்ன என்று பார்த்தால்தான் இந்த ஓப்பரெட்டா ஏன் இத்தனை ஆண்டு நிற்கிறது என்பது புரியும்.

## முதலில் சில சொற்கள்

1. ஓப்பரா: பெரும்பாலும் முழுக்கப் பாடியே நடிக்கப்படும் நாடகம். 19ஆம் நூற்றாண்டு வியன்னாவில் இது அரசவையின் ஆதரவில், அரசவை ஓப்பரா அரங்கில் நடந்தது.

2. ஓப்பரெட்டா: இத்தாலியச் சொல். நேர்ப்பொருள் ‘சின்ன ஓப்பரா’. பாட்டுகளுக்கு நடுவே பேச்சு வசனம் வரும். ஆனால் வசனத்தை மட்டும் வைத்து இதைப் பிரித்துவிட முடியாது, மோட்சார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழல்’ ஓப்பராவிலும் வசனம் உண்டு. டிக்கெட் வசூலை நம்பி நடக்கும் தனியார் அரங்கு, நடன மெட்டுகள், சமகாலக் கிண்டல் இவையெல்லாம் சேர்ந்தால் ஓப்பரெட்டா என்று வைத்துக்கொள்ளலாம்.

3. லிப்ரெட்டோ: இசை நாடகத்தின் எழுத்துப் பிரதி. கதை, வசனம், பாடல் வரிகள் எல்லாம் இதில் அடங்கும். ஓப்பரெட்டாவுக்குப் பெரும்பாலும் இரண்டு பேர் சேர்ந்து எழுதுவார்கள். வசனத்துக்கு ஒருவர், பாட்டுக்கு ஒருவர்.

4. வால்ட்ஸ், போல்கா, சார்தாஷ்: வால்ட்ஸ் மூன்று தட்டுச் சுழல் நடனம். போல்கா பொஹீமியாவிலிருந்து வந்த, இரண்டு தட்டில் துள்ளும் நடனம். சார்தாஷ் ஹங்கேரி நாட்டினது. மெதுவாக, ஏக்கத்தோடு தொடங்கி, பிறகு வெறி பிடித்தாற்போல் வேகமெடுக்கும். மூன்றுமே இந்த நாடகத்தில் வருகின்றன.

ஸ்ட்ராஸ் என்ற பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. இவர் 1825இல் பிறந்த யோஹான். அப்பா பெயரும் யோஹான், அவரும் இசையமைப்பாளர். தம்பிகள் யோசெஃப், எடுவார்ட் இருவரும் அப்படியே. ஆனால் ‘சலோமே’ ஓப்பரா எழுதிய ரிச்சர்ட் ஸ்ட்ராஸுக்கும் இந்தக் குடும்பத்துக்கும் எந்த உறவும் இல்லை.

## பாரிஸிலிருந்து வந்த பழக்கம்

ஓப்பரெட்டா வியன்னாவின் கண்டுபிடிப்பு அல்ல. 1855இல் பாரிஸில் ஜாக் ஓஃபென்பாக் தொடங்கிய சின்னஞ்சிறு அரங்கு ஒன்றில்தான் இந்த வடிவம் சூடுபிடித்தது. அன்றைய பாரிஸில் எந்த அரங்கு எந்த மாதிரி நாடகம் போடலாம் என்பதை அரசு உரிமம் தீர்மானித்தது. ஓஃபென்பாக்குக்குக் கிடைத்த உரிமம் ஒரே அங்கம், மூன்று நான்கு பாத்திரங்கள் என்ற அளவோடு நின்றது. அந்தக் கெடுபிடி தளர்ந்த பிறகு, 1858இல், கிரேக்கப் புராணத்தைக் கேலி செய்யும் முழுநீள நாடகத்தைப் போட்டார். பாரிஸ் அவர் கையில் விழுந்தது. இதில் ஒரு வேடிக்கை, பிரெஞ்சு ஓப்பரெட்டாவின் தந்தையான ஓஃபென்பாக் பிறந்தது ஜெர்மனியின் கொலோன் நகரில்.

அதே 1858இல் வியன்னாவின் கார்ல் தியேட்டர் ஓஃபென்பாக்கின் ஒரு குறுநாடகத்தை ஜெர்மனில் போட்டது. அது போட்ட விதம்தான் சுவாரசியம். முழு வாத்தியக்குழுவுக்கான இசைப்பிரதியை வாங்கினால் செலவு. அதனால் கடையில் கிடைக்கும் பியானோ சுருக்கப் பிரதியை எடுத்து, அரங்கின் இசை நடத்துநரான கார்ல் பிண்டரையே வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதச் சொன்னார்கள். நாடு கடந்து செல்லும் பதிப்புரிமைச் சட்டம் சரியாக இல்லாத காலம். வியன்னா ஓப்பரெட்டா பிறந்ததே கொஞ்சம் திருட்டுத்தனத்தில்தான் என்று சொன்னால் மிகையில்லை.

பிறகு ஓஃபென்பாக் நேரிலேயே வந்து தன் நாடகங்களை நடத்தத் தொடங்கினார். உள்ளூர்க்காரர்களும் சும்மா இருக்கவில்லை. 1860இல் ஃப்ரான்ஸ் ஃபான் சுப்பே ‘விடுதிப் பள்ளி’ என்ற பொருள்படும் ஒரு ஓப்பரெட்டாவை எழுதினார். ஜெர்மன் மொழியில் வியன்னா ஓப்பரெட்டாவுக்குத் தொடக்கம் அதுதான் என்று வரலாற்றாசிரியர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள். ஆனால் வசூல் என்று வந்தால் ஓஃபென்பாக்தான். அரங்கு முதலாளிகளுக்கு ஒரு உள்ளூர் ஓஃபென்பாக் தேவைப்பட்டார். வியன்னாவில் எல்லோருக்கும் தெரிந்த மெட்டுக்காரர் ஒருவர் கண்ணெதிரே இருந்தார். ஆனால் அவர் நாடகப் பக்கமே வராத நடன இசைக்காரர்.

## கதை என்ன?

மூலத்தைப் பற்றிப் பேசும் முன் கதை தெரிந்திருக்க வேண்டும். பிரதியில் இடம் ‘ஒரு பெரிய நகரத்துக்கு அருகில் உள்ள நீரூற்று ஓய்வூர்’ என்று மட்டும் இருக்கிறது. வியன்னா என்று பெயர் சொல்வதில்லை. சொல்லவும் தேவையில்லை.

ஐசன்ஸ்டைன் சொத்து வருமானத்தில் வாழும் கனவான். அரசு அலுவலர் ஒருவரை அவமதித்ததற்காக அவருக்கு ஐந்து நாள் சிறை. அவருடைய வக்கீல் வாதாடிய அழகில் அது எட்டு நாளாகிறது. அன்றிரவே சிறைக்குப் போக வேண்டியவரிடம் நண்பர் ஃபால்கே வந்து, ‘சிறைக்குக் காலையில் போய்க்கொள்ளலாம், இன்றிரவு ரஷ்ய இளவரசர் ஓர்லோஃப்ஸ்கி வீட்டில் நடனவிருந்து, வா’ என்று இழுக்கிறார். ஐசன்ஸ்டைன் மனைவியிடம் சிறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு முழு அலங்காரத்தோடு கிளம்புகிறார்.

மனைவி ரோசலிண்டேவுக்கும் ஒரு ரகசியம் உண்டு. பழைய காதலன் ஆல்ஃப்ரெட் திரும்ப வந்திருக்கிறான். அவன் டென்னர், அதாவது உச்சஸ்தாயியில் பாடும் ஆண் பாடகன். அவன் பாடினால் அவளால் தாக்குப்பிடிக்க முடியாது. வீட்டுக்காரரின் இரவு அங்கியைப் போட்டுக்கொண்டு அவன் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது, சிறை அதிகாரி ஃப்ராங்க் கைது செய்ய வந்து நிற்கிறார். இவன் கணவன் இல்லை என்று சொன்னால் மானம் போகும். அதனால் ரோசலிண்டே அவனையே கணவன் என்கிறாள், ஆல்ஃப்ரெட் ஐசன்ஸ்டைனாகச் சிறைக்குப் போகிறான்.

இரண்டாம் அங்கம் விருந்து. வருகிற எல்லோருமே பொய்ப் பெயரில் இருக்கிறார்கள். ஐசன்ஸ்டைன் ஒரு பிரெஞ்சுப் பிரபு, சிறை அதிகாரி ஃப்ராங்க் இன்னொரு பிரெஞ்சுப் பிரபு. இருவருக்கும் பிரெஞ்சு வராது. வீட்டு வேலைக்காரி அடேல், எஜமானியின் உடையில், நடிகை ஓல்கா. முகமூடி போட்ட ஹங்கேரிய சீமாட்டியாக ரோசலிண்டே. ஐசன்ஸ்டைன் இந்தச் சீமாட்டியை மயக்கத் தன் பைக்கடிகாரத்தை ஆட்டிக் காட்டுகிறார். வழக்கமாகப் பெண்களிடம் அவர் காட்டும் தூண்டில் அது. அவள் அதை வாங்கி வைத்துக்கொள்கிறாள், திருப்பித் தரவில்லை.

காலை ஆறு மணிக்கு மூன்றாம் அங்கம், சிறைச்சாலை. குடித்த மயக்கத்தோடு ஃப்ராங்க் வருகிறார், தண்டனை அனுபவிக்க ஐசன்ஸ்டைன் வருகிறார். ‘ஐசன்ஸ்டைன் நேற்றே உள்ளே வந்துவிட்டாரே’ என்று பதில் வருகிறது. மனைவியின் துரோகத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக அவர் கொதிக்கும் நேரத்தில் அவள் கடிகாரத்தை எடுத்து நீட்டுகிறாள்.

வௌவால் எங்கே? சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாறுவேட விருந்துக்கு ஃபால்கே வௌவால் வேடத்திலும் ஐசன்ஸ்டைன் வண்ணத்துப்பூச்சி வேடத்திலும் போயிருந்தார்கள். குடித்து மயங்கிய ஃபால்கேவை ஐசன்ஸ்டைன் வெட்டவெளியில் விட்டுவிட்டு வந்துவிட்டார். விடிந்ததும் அந்த வேடத்தோடேயே ஃபால்கே ஊருக்குள் நடந்து வர, அன்றிலிருந்து ஊர் அவரை ‘டாக்டர் வௌவால்’ என்று கூப்பிடுகிறது. விருந்து, அழைப்பிதழ்கள், ஏமாற்று, எல்லாமே அந்த வௌவாலின் பழிவாங்கல்.

## மூன்று அடுக்குகள்

1. 1851, ஜெர்மன். ரோடெரிக் பெனடிக்ஸ் என்ற பிரபல நகைச்சுவை நாடகாசிரியர் ‘சிறைச்சாலை’ என்று ஒரு நாடகம் எழுதினார். ஒருத்தியின் மானத்தைக் காப்பாற்ற, அவள் வீட்டில் இருந்த வேறொருவன் கணவன் என்று ஒப்புக்கொண்டு சிறைக்குப் போவது, அப்புறம் சிறையில் முடிச்சு அவிழ்வது ஆகிய இரண்டும் அங்கேயே இருக்கின்றன.

2. 1872, பிரெஞ்சு. ஆன்ரி மெய்லாக், லுடோவிக் அலேவி இருவரும் ‘லெ ரெவெய்யோன்’ என்ற பெயரில் பாரிஸின் பாலே ரோயால் அரங்குக்கு ஒரு நாடகம் எழுதினார்கள். ஓஃபென்பாக்கின் பெரிய வெற்றிகளுக்கு லிப்ரெட்டோ எழுதியவர்கள் இவர்கள்தான். 1875இல் வந்த பிசேயின் ‘கார்மென்’ ஓப்பராவுக்கும் இவர்களே. ஜெர்மன் நாடகத்தின் முடிச்சை எடுத்து, அதற்கு நடுவில் கிறிஸ்துமஸ் முந்தைய நள்ளிரவு விருந்து ஒன்றைச் செருகினார்கள். தலைப்பே அந்த விருந்தைத்தான் குறிக்கிறது.

3. 1874, மறுபடி ஜெர்மன். தியேட்டர் அன் டெர் வீன் அரங்கின் இயக்குநர் மாக்ஸ் ஷ்டைனர் இந்தப் பிரெஞ்சு நாடகத்தை உரிமை வாங்கி, கார்ல் ஹாஃப்னர் என்ற மூத்த எழுத்தாளரிடம் கொடுத்து ஜெர்மனில் எழுதச் சொன்னார். வந்த பிரதி அவருக்குப் பிடிக்கவில்லை. போட்டி அரங்கின் இயக்குநரிடம் தள்ளிவிடப் பார்த்தார், அவரும் வேண்டாம் என்றார். பதிப்பாளர் குஸ்டாவ் லெவி குறுக்கிட்டு, ‘இதையே ஸ்ட்ராஸுக்கு ஓப்பரெட்டாவாக்கினால் என்ன’ என்று யோசனை சொன்னதாக வரலாறு.

ஆக, ஜெர்மன் நாடகம் பாரிஸுக்குப் போய் உடை மாற்றிக்கொண்டு ஜெர்மனுக்கே திரும்பி வந்தது. பெனடிக்ஸ் எழுதியதை மட்டும் வைத்து ஓப்பரெட்டா எழுதியிருந்தால் விருந்து இருந்திருக்காது. விருந்து இல்லாவிட்டால் ஸ்ட்ராஸுக்கு அங்கே வேலையே இருந்திருக்காது.

## ரிச்சர்ட் ஷெனே செய்த வேலை

ஹாஃப்னரின் பிரதியைக் கையில் எடுத்தவர் ரிச்சர்ட் ஷெனே. அந்த அரங்கின் இசை நடத்துநர், தானும் இசையமைப்பாளர், பாடல் வரி எழுதுவதில் கைதேர்ந்தவர். தான் ஹாஃப்னரை நேரில் பார்த்ததே இல்லை என்றும், அவர் பிரதியிலிருந்து பாத்திரப் பெயர்களைத் தவிரப் பெரிதாக எதையும் எடுத்துக்கொள்ளவில்லை என்றும் பின்னாளில் எழுதியிருக்கிறார். ஷெனேயின் சம்மதத்தோடுதான் விளம்பரத் தாளில் ஹாஃப்னரின் பெயர் நின்றது. ஸ்ட்ராஸின் பெயருக்கு முன்னால் இந்த மனிதரை உலகம் மறந்துவிட்டது, அது நியாயமில்லை என்பது என் கருத்து. அவர் செய்த மாற்றங்களைப் பாருங்கள்:

1. நள்ளிரவு விருந்து நடனவிருந்தானது. வியன்னாவில் கிறிஸ்துமஸ் முந்தைய இரவு குடும்பத்தோடு வீட்டில் இருக்கும் நேரம். நடிகைகளோடு கூத்தடிக்கப் போகும் கணவனை அந்த இரவில் மேடையேற்றினால் சிரிப்பு வராது, முகச்சுளிப்புதான் வரும். வியன்னாவுக்கோ நடனவிருந்து என்றால் உயிர். குளிர்கால விருந்துப் பருவம் முழுக்க ஊரே ஆடும்.

2. மனைவி விருந்துக்கு வந்தாள். பிரெஞ்சு மூலத்தில் மனைவி அந்த விருந்துக்கு வருவதில்லை. இரண்டாம் அங்கம் ஆண்களின் உல்லாசம் மட்டும்தான். ஷெனே அவளுக்கு முகமூடி போட்டு உள்ளே கூட்டிவந்தார். கணவன் சொந்த மனைவியையே அந்நியப் பெண் என்று நினைத்து மயக்கப் பார்க்கும் காட்சியும் கடிகாரமும் இதனால்தான் சாத்தியமாயின. நாடகத்தின் சிறந்த நகைச்சுவை மூலத்தில் இல்லாத இடத்தில் இருக்கிறது.

3. காதலன் பாடகனானான். பிரெஞ்சு நாடகத்திலும் ஆல்ஃப்ரெட் இசைக்கலைஞன்தான். ஆனால் இங்கே டென்னர் ஆனதும், ரோசலிண்டேவை அவன் வீழ்த்தும் ஆயுதம் குரலே ஆகிவிடுகிறது. பாட்டுக்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

முதல் மாற்றத்துக்குக் காரணம் ஊர் வழக்கம். இரண்டாவதற்குக் காரணம் இன்னும் சாதாரணமானது என்று நினைக்கத் தோன்றுகிறது. ரோசலிண்டேவாக நடித்த மரீ கைஸ்டிங்கர் அன்றைய வியன்னாவின் முதல்நிலை ஓப்பரெட்டா நட்சத்திரம். அதோடு ஷ்டைனருடன் சேர்ந்து அந்த அரங்கை நடத்திய கூட்டு இயக்குநரும் அவர்தான். முதலாளியம்மாவை நடு அங்கம் முழுக்க உள்ளே உட்காரவைக்க முடியுமா என்ன?

## ஸ்ட்ராஸ் எப்படி இதில் வந்தார்?

1870 வரை ஸ்ட்ராஸ் நடன இசையின் அரசர், அவ்வளவுதான். ‘நீல டான்யூப்’ வால்ட்ஸ் 1867லேயே வந்துவிட்டது. 1870இல் தாய் அன்னாவும் தம்பி யோசெஃபும் அடுத்தடுத்து இறந்தார்கள். அரசவை நடனங்களுக்கு வாசிக்கும் பொறுப்பு இன்னொரு தம்பி எடுவார்டுக்குப் போனது. முன்னாள் பாடகியான மனைவி யெட்டி ட்ரெஃப்ஸ் அவரை நாடக மேடைப் பக்கம் தள்ளினார். இரவு முழுக்கக் குழுவோடு நின்று வாசிப்பதைவிட ஓப்பரெட்டாவில் உடம்புக்கு ஓய்வு, அரங்கு வருமானத்திலும் பங்கு உண்டு.

முதல் இரண்டு முயற்சிகளும் 1871லும் 1873 மார்ச்சிலும் இதே அரங்கில் மேடையேறின. இசையைப் பாராட்டினார்கள், கதை நொண்டியது. ஸ்ட்ராஸுக்கு நல்ல மெட்டு எது என்று தெரிந்த அளவுக்கு நல்ல நாடகப் பிரதி எது என்று தெரியாது. இந்தக் குறை அவரை வாழ்நாள் முழுக்கத் துரத்தியது. ‘வௌவால்’ விஷயத்தில் பிரதியைத் தேர்ந்தெடுத்தது மற்றவர்கள் என்பது அவருடைய அதிர்ஷ்டம்.

வியன்னாவின் ஹீட்சிங் பகுதியில் இருந்த தன் வீட்டில் 42 நாளில் இதை எழுதி முடித்தார் என்று ஒரு கதை உண்டு. வழிகாட்டி நூல்களிலும் நிகழ்ச்சிக் கையேடுகளிலும் இதைத் தவறாமல் போடுவார்கள். முதல் வரைவைப் பற்றிச் சொன்னால் நம்பலாம். முழு நாடகத்தைப் பற்றிச் சொன்னால் நம்ப முடியாது. காரணம் எளிது, ரோசலிண்டேவின் சார்தாஷ் பாட்டை 1873 அக்டோபரிலேயே ஒரு நன்கொடை நிகழ்ச்சியில் கைஸ்டிங்கர் பாடிவிட்டார். நாடகம் மேடையேறியது 1874 ஏப்ரலில். கையெழுத்துப் பிரதியிலும் ஷெனேயின் கை இருக்கிறது. வாத்தியப் பிரிப்பில் அவர் பங்கு கொஞ்சநஞ்சமல்ல.

## இசை கதையை எப்படிச் சொல்கிறது?

நடனக்காரர் எழுதிய நாடகம் என்பதுதான் இதன் பலம். ஓர் உதாரணம் போதும். முதல் அங்கத்தில் ஐசன்ஸ்டைன் சிறைக்குப் புறப்படும்போது கணவன், மனைவி, வேலைக்காரி மூவரும் சேர்ந்து அழுகிறார்கள். எட்டு நாள் பிரிவு, எப்படித் தாங்குவேன் என்று ரோசலிண்டே விம்முகிறாள். மெட்டு மெதுவாக, சோகமாகப் போகிறது. ஆனால் மூவருக்கும் அன்றிரவு வேறு வேலை இருக்கிறது. கணவனுக்கும் வேலைக்காரிக்கும் விருந்து, மனைவிக்குக் காதலன். அழுகை பாதியில் இருக்கும்போதே கால்கள் தாங்களாகத் துள்ளத் தொடங்கிவிடுகின்றன, இசை போல்காவாகிவிடுகிறது. வாய் ஒன்று சொல்ல, தாளம் உண்மையைச் சொல்லிவிடுகிறது. வசனமாக எழுதியிருந்தால் ஒரு பக்கம் பிடித்திருக்கும்.

அதே மாதிரி, ஹங்கேரியச் சீமாட்டி என்று சொல்பவள் உண்மையிலேயே ஹங்கேரிக்காரிதானா என்று விருந்தினர்கள் சந்தேகப்படும்போது அவள் சான்றாகப் பாடுவது சார்தாஷ். பொய்யை நிரூபிக்க இசையையே சாட்சிக்கு அழைக்கிறாள். 1867இல் ஆஸ்திரியாவும் ஹங்கேரியும் இரட்டை முடியாட்சியாகியிருந்த காலம் அது. வியன்னாக்காரர்களுக்கு ஹங்கேரிய மெட்டு அந்நியமும் இல்லை, முழுக்கச் சொந்தமும் இல்லை.

நாடகம் தொடங்கும் முன் வாத்தியக்குழு மட்டும் வாசிக்கும் முன்னிசைக்கு ஓவர்ச்சர் என்று பெயர். அதில் ஆறு முறை மணி அடிப்பதைக் கேட்கலாம். விருந்து முடிந்து எல்லோரும் சிறைக்கு ஓடும் அந்தக் காலை ஆறு மணிதான் அது. பார்வையாளர்களுக்கு அப்போது அதன் பொருள் தெரியாது.

இளவரசர் ஓர்லோஃப்ஸ்கியின் பாத்திரத்தைப் பெண் குரலுக்கு எழுதியிருக்கிறார்கள். முதலில் நடித்தவர் இர்மா நிட்டிங்கர். எல்லாம் அனுபவித்துச் சலித்துப்போன, சிரிக்கவே முடியாத பதினெட்டு வயதுப் பணக்காரப் பையனுக்கு அந்தக் குரல் விநோதமாகப் பொருந்துகிறது. பின்னாளில் சில தயாரிப்புகளில் ஆண்களைப் போட்டார்கள். எனக்கென்னவோ அப்போது அந்த விருந்தின் அசாதாரணத் தன்மையே போய்விடுகிறது.

## பங்குச்சந்தை விழுந்ததும் ஷாம்பெயினும்

1873 மே 1 அன்று வியன்னாவில் உலகக் கண்காட்சி திறந்தது. எட்டே நாளில், மே 9 வெள்ளிக்கிழமை, பங்குச்சந்தை சரிந்தது. கோடையில் காலரா வேறு. 2 கோடிப் பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்த கண்காட்சிக்குச் சுமார் 72 லட்சம் பேர்தான் வந்தார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று ‘வௌவால்’ மேடையேறியது.

முதல் அங்கத்தில் ஆல்ஃப்ரெட் மதுக் கிண்ணத்தோடு பாடும் வரி ஒன்று ஜெர்மன் மொழியில் பழமொழி போலவே ஆகிவிட்டது. மாற்ற முடியாததை மறப்பவனே பாக்கியவான் என்பது அதன் பொருள். கடைசியில் எல்லாத் தவறையும் ஷாம்பெயின் தலையில் போட்டுவிட்டு எல்லோரும் சமாதானமாகிறார்கள். இதை வைத்து, ‘வௌவால்’ என்பது சேமிப்பைப் பறிகொடுத்த நடுத்தர வர்க்கத்தின் மறதி மருந்து என்று ஒரு விளக்கம் பரவலாக உண்டு.

இந்த விளக்கத்தை அப்படியே விழுங்கக் கூடாது. இதில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்:

1. கதை சரிவைப் பற்றி எழுதப்பட்டதல்ல. பிரெஞ்சு மூலம் 1872இல் வந்தது, சிறை முடிச்சு 1851இலிருந்தே இருக்கிறது.

2. பார்த்தவர்கள் 1874இல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை வியன்னா ஓப்பரெட்டாவில் அதிகம் வந்தது புராணம், தூர தேசம், பழைய காலம். இங்கேயோ மேடையில் நிற்பவன் சமகால உடுப்பில், வட்டியிலும் வருமானத்திலும் வாழும் ஒரு கனவான். பதினோரு மாதத்துக்கு முன் அந்த மாதிரி ஆட்கள் பலர் தெருவுக்கு வந்திருந்தார்கள். மறப்பதைப் பற்றிய ஒரு பாட்டு அவர்கள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்பது வேறு கணக்கு.

## தோற்றது என்ற கட்டுக்கதை

முதலில் வியன்னா இதைக் கைவிட்டது, பெர்லின்தான் காப்பாற்றியது என்று பல இடங்களில் படிக்கலாம். ஆதாரமாகச் சொல்வது, 16 ஆட்டத்தோடு நிறுத்தப்பட்டது என்பதை. நிறுத்தப்பட்டது உண்மை. ஆனால் காரணம் கூட்டமின்மை அல்ல, பாடகி அடெலினா பட்டி கலந்துகொண்ட இத்தாலிய ஓப்பராக் குழுவுக்கு அரங்கை முன்பே ஒதுக்கியிருந்தார்கள். அவர்கள் போனதும் ‘வௌவால்’ திரும்பி வந்தது, 1876இல் அதே அரங்கில் நூறாவது ஆட்டத்தைத் தொட்டது. பெர்லினில் 1874 ஜூலையில் வந்து பெரிய வெற்றி பெற்றது என்பதும் உண்மைதான். அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க்கிலும் ஜெர்மன் மொழியிலேயே மேடையேறியது.

சிக்கல் வந்தது பாரிஸில். மூல நாடகத்தின் ஆசிரியர்கள் அங்கே உயிரோடு இருந்தார்கள், உரிமை அவர்களிடம் இருந்தது. அதனால் 1877இல் ஸ்ட்ராஸின் இசையை வேறொரு கதைக்குப் பொருத்தி, ‘நாடோடிப் பெண்’ என்ற பொருளில் வேறு தலைப்போடு போட்டார்கள். பிரெஞ்சுக் கதையிலிருந்து பிறந்த நாடகம் தன் சொந்தக் கதையோடு பாரிஸ் மேடை ஏற 1904 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

## பிறகு நடந்தவை

அரசவை ஓப்பரா அரங்கு 1894இல், ஸ்ட்ராஸின் கலைவாழ்வுக்கு 50 ஆண்டு நிறைந்தபோது, இதற்குக் கதவைத் திறந்தது. வசூல் அரங்கின் சரக்கு அரசவைக்குள் போனது அன்றைக்குச் சின்ன விஷயமில்லை. 1899 மே 22 அன்று அதே அரங்கில் ஸ்ட்ராஸ் ‘வௌவால்’ ஓவர்ச்சரை நடத்தினார். வீடு திரும்பியவருக்குச் சளி பிடித்து நிமோனியாவானது. ஜூன் 3 அன்று இறந்தார்.

பாரிஸ் நாடகத்தை எடுத்து வியன்னாவுக்கு மாற்றும் வழி அதன்பின் நிலைத்துவிட்டது. 1905இல் ஃப்ரான்ஸ் லெஹாரின் ‘மகிழ்ச்சியான கைம்பெண்’ இதே தியேட்டர் அன் டெர் வீனில் வந்தது. அதன் மூலமும் ஒரு பிரெஞ்சு நாடகம்தான். எழுதியவர் அதே ஆன்ரி மெய்லாக்.

நாஜிகளுக்கு ஸ்ட்ராஸ் ஒரு தலைவலி. அவருடைய கொள்ளுத்தாத்தா ஹங்கேரியின் புடாவிலிருந்து வந்தவர், ஞானஸ்நானம் பெற்ற யூதர் என்று வியன்னாவின் புனித ஸ்டீஃபன் தேவாலயத்தின் 1762ஆம் ஆண்டுத் திருமணப் பதிவேடு சொல்கிறது. ஓஃபென்பாக்கின் இசையைத் தடை செய்தவர்களால் ஸ்ட்ராஸைத் தொட முடியவில்லை, அவரை எல்லோருக்கும் பிடித்திருந்தது. அதனால் 1941இல் பதிவேட்டை பெர்லினுக்குக் கொண்டுபோய், அந்தப் பதிவு இல்லாத போலி நகலைத் திருப்பி அனுப்பினார்கள். மூலம் போருக்குப் பின் தேவாலயத்துக்குத் திரும்பியது.

டிசம்பர் 31 இரவு நேரடி ஒளிபரப்பைப் பார்க்க வாய்த்தால் மூன்றாம் அங்கத்தின் தொடக்கத்தைத் தவறவிடாதீர்கள். குடிகாரச் சிறைக்காவலன் ஃப்ரோஷ் மேடைக்கு வருவான். பாட்டே இல்லாத பாத்திரம் அது, ஜெர்மன் மேடையின் பெரிய நகைச்சுவை நடிகர்கள் விரும்பி ஏற்பது. அவன் வசனத்தை ஒவ்வொரு தயாரிப்பிலும் அந்தந்த ஊர் அரசியலை வைத்துப் புதிதாக எழுதிக்கொள்வார்கள். உள்ளே 12ஆம் எண் அறையிலிருந்து ஆல்ஃப்ரெட்டின் குரல் கேட்கும். அந்த இடத்தில் வேறு யாருடைய ஓப்பராவிலிருந்தும் ஓரிரு வரி பாடிக்கொள்ள டென்னருக்கு வழக்கப்படி உரிமை உண்டு. ஃப்ரோஷ் எரிச்சலோடு வாயை மூடச் சொல்லிக் கத்துவான், டென்னர் அடுத்த ஓப்பராவுக்குத் தாவுவான்.